தார்த்துவில் இறங்காத விமானம்: ஜிபிஎஸ்ஸை விமானிகள் எவ்வளவு நம்பலாம்?

2024 ஏப்ரல் 25, வியாழக்கிழமை. ஹெல்சின்கியிலிருந்து எஸ்டோனியாவின் தார்த்து நகருக்குக் கிளம்பிய, பின்லாந்து நிறுவனமான ஃபின்னேரின் விமானம் அங்கே இறங்க முடியாமல் ஹெல்சின்கிக்கே திரும்பி வந்தது. மறுநாளும் இன்னொரு விமானம் அதேபோல் திரும்பியது. நிறுவனம் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஜிபிஎஸ் சிக்னலில் குறுக்கீடு. ஏப்ரல் 29 அன்று, மே மாதம் முடியும்வரை தார்த்து சேவையையே நிறுத்தி வைப்பதாக ஃபின்னேர் அறிவித்தது.

செய்திகள் உடனே ரஷ்யா பக்கம் திரும்பின. எஸ்டோனிய வெளியுறவு அமைச்சர் மார்குஸ் சாக்னா வெளிப்படையாகவே ரஷ்யாவைக் குற்றஞ்சாட்டினார். தார்த்துவிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் பெய்ப்ஸி ஏரிக்குள் ரஷ்ய எல்லை வந்துவிடும், அதனால் சந்தேகம் அந்தப் பக்கம் போனதில் வியப்பில்லை. ஆனால் விமானப் பாதுகாப்பு பற்றி யோசிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதே நாட்களில் ஹெல்சின்கியிலும் தாலினிலும் விமானங்கள் வழக்கம்போல் இறங்கிக்கொண்டிருந்தன. பால்டிக் வானில் ஜிபிஎஸ் தொல்லை அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே இருந்தது, விமானிகளுக்கும் அது பழகிப்போயிருந்தது. அப்படியிருக்க, தார்த்து மட்டும் ஏன் மாட்டிக்கொண்டது?

வழியில் போனால் போகட்டும், இறங்கும்போது?

பறந்துகொண்டிருக்கும் நடுவில் ஜிபிஎஸ் போனால் பெரிய ஜெட் விமானத்துக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அதில் பொதுவாக மூன்று சடத்துவ வழிகாட்டிகள் இருக்கும். வெளியிலிருந்து எந்த சிக்னலும் தேவையில்லாமல், விமானத்தின் ஒவ்வொரு அசைவையும் தாங்களே அளந்து, கிளம்பிய இடத்திலிருந்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுபவை அவை. கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். மணிக்கு இரண்டு கடல் மைல், அதாவது 3.7 கிலோமீட்டர் வரை விலகலாம் என்பது இந்தக் கருவிகளுக்குப் பொதுவாக வைக்கப்படும் வரம்பு. தரையிலுள்ள விஓஆர், டிஎம்இ ரேடியோ நிலையங்களை வைத்து அந்தப் பிசகைச் சரிசெய்துகொள்ளலாம். கீழே ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டாளரும் ‘இடதுபக்கம் திரும்புங்கள்’ என்று சொல்லிவிடுவார். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் மூன்று கிலோமீட்டர் பிசகினால் மோதுவதற்கு மலை கிடையாது.

இறங்கும்போது விஷயம் அடியோடு மாறுகிறது. மேகத்துக்குள் கண் தெரியாத நிலையில், ஓடுபாதையின் முனையை நோக்கி, சில நூறு அடி உயரத்துக்குத் தாழ வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஓடுபாதைக்கும் அதிகாரபூர்வமாக வரைந்து வெளியிட்ட அணுகுமுறை, அதாவது இறங்கும் வழித்திட்டம், உண்டு. அந்த அணுகுமுறை எந்தக் கருவியை நம்பி வரையப்பட்டதோ, அந்தக் கருவி வேலை செய்யாவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. இதில் சலுகை எதுவும் இல்லை.

பழைய முறை ஐஎல்எஸ். ஓடுபாதை அருகே நிற்கும் இரண்டு ஆண்டெனா அமைப்புகள், ஒன்று இடவலத்தையும் மற்றது இறங்கும் சரிவையும் ரேடியோ அலையாக வானில் வரைந்து காட்டும். விமானம் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கும். புதிய முறையான ஆர்என்பி அணுகுமுறையில் தரையில் எதுவுமே வேண்டாம். வானில் சில புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகையாகக் குறித்து விமானத்தின் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்று ஜிபிஎஸ் சொல்லச் சொல்ல, விமானம் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு இறங்குகிறது. கடைசிக் கட்டத்தில் 0.3 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 550 மீட்டருக்குள், இடம் உறுதியாகத் தெரிய வேண்டும். மூன்று கிலோமீட்டர் பிசகக்கூடிய சடத்துவக் கணக்கு இங்கே உதவாது.

ஃபின்னேர் தன் அறிவிப்பிலேயே விடையைச் சொல்லிவிட்டது. பெரும்பாலான விமான நிலையங்களில் மாற்று அணுகுமுறைகள் உண்டு. தார்த்து போன்ற சில இடங்களில்தான் எல்லா அணுகுமுறைக்கும் ஜிபிஎஸ் வேண்டும். இந்தக் குறுகிய தடங்களில் ஃபின்னேருக்காகப் பறப்பவை ஏடிஆர் 72 ரக, விசிறி சுழலும் டர்போபிராப் விமானங்கள். பெரிய ஜெட்டில் இருப்பது போன்ற, இடத்தைத் தானே கணக்கிடும் சடத்துவ வழிகாட்டி அவற்றில் கிடையாது. விமானம் எந்தக் கோணத்தில், எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் எளிய அமைப்புதான்.

வானம் தெளிவாக இருந்தால் கண்ணால் பார்த்து இறங்கக் கூடாதா என்று கேட்கலாம். இறங்கலாம், நிபந்தனைகள் சரியாக இருந்தால். ஆனால் நேர அட்டவணை போட்டு டிக்கெட் விற்கும் நிறுவனம், 58 பாகை வடக்கில், வானிலை தயவு செய்யும் என்று நம்பிச் சேவை நடத்த முடியாது.

சிக்னலின் பலவீனம்

சரி, இவ்வளவு முக்கியமான ஒன்றை ஏன் இவ்வளவு எளிதாகக் கெடுக்க முடிகிறது? அதற்கு ஜிபிஎஸ் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ‘நான் இங்கே இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இவ்வளவு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சேதி நம்மை வந்தடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் ரிசீவரில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு மைக்ரோவினாடி பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தவறும். அந்தப் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நான்காவது செயற்கைக்கோள் வேண்டும். இதில் ஐன்ஸ்டீன் எங்கே வருகிறார் என்பதை ஜிபிஎஸ் பற்றி எழுதும் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

எழுதப்படாமல் போவது சிக்னலின் பலம்தான். தரைக்கு வரும்போது அது எவ்வளவு இருக்கும்? ஒரு வாட்டைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி கோடி பங்காக்கி, அதிலும் ஒன்றை எடுத்து நூறாகப் பிரித்தால் கிடைப்பது. ரிசீவரின் சொந்த மின்னிரைச்சலை விடவும் அது கீழே. ஒவ்வொரு செயற்கைக்கோளும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் குறியீடு முன்கூட்டியே தெரியும் என்பதால்தான், இரைச்சலுக்குள்ளிருந்து அதைச் சலித்தெடுக்க முடிகிறது. கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்ற வேலை. அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில் அருகே யாராவது ஒரு சாதாரண ஒலிபரப்பியைப் போட்டுவிட்டால், அத்தோடு முடிந்தது.

எவ்வளவு சாதாரணம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சம்பவம். நியூவார்க் விமான நிலையத்தில் நிறுவியிருந்த, ஜிபிஎஸ்ஸை நம்பிய தரையிறக்க உதவிக் கருவி அவ்வப்போது தடுமாறியது. 2012 ஆகஸ்டில் ஆளைப் பிடித்தார்கள். தன் நிறுவனத்து வண்டியில் பொருத்திய கண்காணிப்புக் கருவியிலிருந்து தப்பிக்க, ஓட்டுநர் ஒருவர், ஜிபிஎஸ் சிக்னலைக் கெடுக்கும் ஒரு சின்ன ஜாமரைச் செருகி வைத்திருந்தார். முதலாளிக்குத் தெரியாமல் சுற்ற நினைத்தவர் விமான நிலையத்தின் கருவியைக் கெடுத்துக்கொண்டிருந்தார். 2013ல் அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வண்டியில் செருகிய கருவிக்கே இந்தப் பலம் என்றால் ராணுவ ஒலிபரப்பிகள் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அவற்றைக் கட்டுப்படுத்துவது பூமியின் வளைவு மட்டுமே. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அடிவானம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால். அந்த வட்டத்துக்குள் இருக்கும் எந்த ஒலிபரப்பியும் அதைத் தொட்டுவிடும். 900 மீட்டருக்கு இறங்கிவிட்டால் அடிவானம் நூறு கிலோமீட்டர் சொச்சமாகச் சுருங்குகிறது. பெரும்பாலான ஊர்களுக்கு இது நல்ல சேதி: மேலே தொல்லை இருந்தாலும் இறங்க இறங்க சிக்னல் திரும்ப வந்துவிடும். எல்லையிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் தார்த்துவுக்கு அந்த நிம்மதி இல்லை.

தொலைவதும் பொய் சொல்வதும்

குறுக்கீட்டில் இரண்டு வகை. ஜாமிங் என்பது இரைச்சலை ஊதி சிக்னலை மூழ்கடிப்பது. ஸ்பூஃபிங் என்பது நிஜம் போலவே போலி சிக்னலை அனுப்பி, ரிசீவரை வேறு இடத்தில் இருப்பதாக நம்பவைப்பது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறியீடு பகிரங்கமானது, யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து அதேபோல் உருவாக்கலாம். அதுவே இந்த ஏமாற்றுக்கு இடம் கொடுக்கிறது.

விமானியைக் கேட்டால் முதலாவதே பரவாயில்லை என்பார். விமான ரிசீவருக்கு கைப்பேசி ஜிபிஎஸ்ஸிடம் இல்லாத ஒரு கடமை உண்டு. நான்கு செயற்கைக்கோள் போதும் என்றாலும், அது ஐந்தாவதையும் பார்த்து, ‘இந்த ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா’ என்று சரிபார்க்கும். ஒன்று பொய் சொன்னால் எச்சரிக்கும். ஆறு இருந்தால் பொய் சொல்வது எது என்று கண்டுபிடித்து ஒதுக்கியும் விடும். இதற்கு ரெய்ம் என்று பெயர். துல்லியத்தை விட இதுதான் விமானிக்கு முக்கியம்: சந்தேகம் வந்தால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று கருவி தயங்காமல் சொல்ல வேண்டும். ஜாமிங்கில் அது அப்படியே சொல்கிறது. எச்சரிக்கை வருகிறது, அணுகுமுறை கைவிடப்படுகிறது, விமானம் திரும்புகிறது.

தார்த்துவில் நடந்தது அதுதான். அந்த இரண்டு பயணத்தையும் நான் ஆபத்து என்ற பட்டியலில் போட மாட்டேன். குறுக்கீட்டைக் கருவிகள் கவனித்தன, விமானிகள் விதிப்படி திரும்பினார்கள், திரும்பி வருவதற்கான எரிபொருள் இருந்தது. பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்தது. செத்துப்போனது சேவை. இந்த வித்தியாசத்தைச் செய்தித் தலைப்புகள் மறைத்துவிட்டன என்பது என் வருத்தம்.

ஸ்பூஃபிங் இவ்வளவு நேர்மையானது இல்லை. போலி சிக்னல்கள் எல்லாம் ஒரே பொய்யைச் சொன்னால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ரெய்ம் ஏமாறும். 2023 செப்டம்பரிலிருந்து ஈராக், ஈரான் பக்கத்து வானில் இது வரிசையாகத் தெரியவந்தது. காக்பிட் கடிகாரம் திடீரென்று வேறு நேரத்துக்குத் தாவும். பொய்யான இடத்தைச் சடத்துவ வழிகாட்டியும் நம்பி, மாற்று என்று வைத்திருந்ததே கெட்டுப்போகும். நிலத்தோடு மோதப்போகிறோம் என்று எச்சரிக்கும் கருவி, உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே ‘மேலே இழு, மேலே இழு’ என்று கத்தும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றிலும் மோசமாகத் தெரிகிறது. பொய்யாகக் கத்திக்கத்தியே அந்தக் குரலை விமானிகள் அலட்சியம் செய்யப் பழகிவிட்டால், நிஜமாக மலை எதிரே வரும் நாளில் என்ன ஆவது?

ஒரே வழி எப்படி வந்தது

சின்ன ஊர் விமான நிலையத்துக்கு ஐஎல்எஸ் பெரிய செலவு. கருவியை வாங்கினால் மட்டும் போதாது. அதற்கென்று தனி விமானம் வந்து, குறிப்பிட்ட இடைவெளியில் பறந்து அளந்து சான்று தர வேண்டும். ஆண்டெனாவுக்கு முன்னே தடங்கல் இருக்கக் கூடாது. நாளுக்கு ஓரிரு விமானம் வரும் ஊரில் யார் கணக்குப் பார்த்தாலும், தரையில் எதுவுமே கேட்காத ஜிபிஎஸ் அணுகுமுறைதான் மிச்சம். விதியும் அந்தப் பக்கமே தள்ளியது. 2018ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஒழுங்குமுறை, ஓடுபாதைகளில் செயற்கைக்கோள் சார்ந்த அணுகுமுறைகளை வைக்கச் சொல்கிறது. 2030 ஜூனுக்குப் பிறகு பழைய முறைகளைப் பொதுவாக அவசரத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது.

அந்த ‘அவசரத் தேவை’ என்ற சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. செயற்கைக்கோள் கெட்டுப்போவதை நினைத்து எழுதியது அது. ஜிபிஎஸ் தானாகக் கெடுவது அபூர்வம். ஐரோப்பாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான கலிலியோ 2019 ஜூலையில் கிட்டத்தட்ட ஒரு வாரம் முடங்கியது உண்மை, ஆனால் அப்போது யாருடைய விமானமும் அதை மட்டுமே நம்பியிருக்கவில்லை. பக்கத்து நாட்டிலிருந்து மாதக்கணக்கில், நாள்தோறும் இரைச்சல் வரும் என்று யாரும் பட்ஜெட் போட்டு வைக்கவில்லை. அவசரத் தேவை அன்றாடத் தேவையானதும் தார்த்துவின் கையில் இரண்டாவது வழி இல்லை.

தீர்வு வானத்திலிருந்து வரவில்லை. ஜிபிஎஸ் தேவைப்படாத மாற்று அணுகுமுறை ஒன்றை எஸ்டோனியத் தரப்பு ஏற்பாடு செய்தது. ஜூன் 2 அன்று ஃபின்னேர் மறுபடி தார்த்துவில் இறங்கியது. குறுக்கீடு அதற்குப் பிறகும் நிற்கவில்லை, விமானமும் நிற்கவில்லை.

டெல்லியில் ஒரு முனை

இதெல்லாம் பால்டிக் பக்கத்துக் கவலை என்று நினைத்தால், 2025 நவம்பரில் டெல்லியில் நடந்ததைப் பார்க்கலாம். இந்திரா காந்தி விமான நிலையத்தில் 10ஆம் எண் ஓடுபாதை முனையை நோக்கி ஜிபிஎஸ் அணுகுமுறையில் வந்த சில விமானங்கள் ஸ்பூஃபிங்கைச் சந்தித்தன. அந்த முனையின் ஐஎல்எஸ்ஸில் அப்போது மேம்பாட்டு வேலை நடந்துகொண்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. காற்று கிழக்கிலிருந்து வீசும்போது அந்த முனையில்தான் இறங்க வேண்டும். விமானங்கள் தாமதமாயின, சில ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடப்பட்டன. டிசம்பர் தொடக்கத்தில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு நாடாளுமன்றத்தில் தந்த பதிலில் ஒரு வரி முக்கியம்: மற்ற ஓடுபாதை முனைகளில் வழக்கமான தரைக் கருவிகள் வேலை செய்ததால் அங்கே பாதிப்பு இல்லை. தார்த்துவின் கதை, ஒரு பெருநகர விமான நிலையத்தின் ஒரு முனையில். அதே பதிலில், குறுக்கீடு பற்றிய தகவல்கள் வந்த மற்ற ஊர்களின் பட்டியலில் சென்னையும் இருந்தது.

இந்தியாவுக்கு இது புதிதும் இல்லை. 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையே, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், 465 சம்பவங்கள் பதிவானதாக அரசு முன்பே சொல்லியிருந்தது. டெல்லிக்குப் பிறகு, இப்படி ஏதாவது கண்டால் பத்து நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ உத்தரவிட்டது. தரைக் கருவிகளில் ஒரு குறைந்தபட்ச வலையை விடாமல் வைத்திருப்போம் என்பது அமைச்சரின் பதிலில் இருந்த உறுதி.

நம்மிடம் ஜிபிஎஸ்ஸுக்குத் திருத்தம் தரும் இந்திய அமைப்பான ககன் இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. ககன் நல்ல ஏற்பாடுதான். பூமியின் காந்தப் புலத்துக்கு நடுக்கோடான காந்த நடுவரை திருநெல்வேலிக்கு அருகே போகிறது. அதை ஒட்டிய வானில் சூரியன் மறைந்தபின், மேல்வானில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலம் கொந்தளித்து, ஜிபிஎஸ் சிக்னலை யாரும் கெடுக்காமலேயே கெடுக்கும். ஜாமர் இல்லாமலே ரிசீவர் செயற்கைக்கோளைத் தவறவிடும் வானம் நம்முடையது. அயனி மண்டலத்தால் வரும் தூரப் பிழைகளைத் தரை நிலையங்களில் அளந்து, ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியே திருத்தம் அனுப்புவதும், நம்ப முடியாத செயற்கைக்கோளைச் சில வினாடிகளில் சுட்டிக்காட்டுவதும் ககனின் வேலை. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் ஒன்று அதை வைத்துச் சோதனையாக இறங்கியது. ஆனால் அந்தத் திருத்தமும் வருவது அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில். ஜாமர் இரண்டையும் சேர்த்தே விழுங்கும்.

போலியை அடையாளம் காண்பதில் முன்னேற்றம் இருக்கிறது. கலிலியோ இப்போது தன் சேதியில் டிஜிட்டல் முத்திரை போட்டு அனுப்புகிறது. 2025 ஜூலையில் அந்தச் சேவை முறைப்படி தொடங்கியது. ஆனால் பறந்துகொண்டிருக்கும் விமானங்களின் ரிசீவர்கள் அதைப் படிக்கத் தெரிந்தவை அல்ல. புதியதைச் சான்று வாங்கி மாட்டுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை விமானிகள் செய்வது எளிய வேலைகள்தான். தொல்லை தெரிந்த பகுதிக்குள் நுழையும் முன், விமானத்தின் கணினி ஜிபிஎஸ்ஸை ஏற்றுக்கொள்ளாதபடி அணைத்துவிடுகிறார்கள். கைக்கடிகாரத்தையும் காக்பிட் கடிகாரத்தையும் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். இறங்கப்போகும் ஊரில் ஐஎல்எஸ் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே அறிவிப்புகளில் தேடுகிறார்கள். இல்லையென்றால், திரும்பி வரும் அளவுக்கு எரிபொருளைக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.